மெதுவாக ஓட்டியவர்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஊரே சொல்லும். கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரும் நோயைச் சொல்வதில்லை, நேராக மருந்தைச் சொல்கிறார்கள். பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடு என்பார்கள். போனது பேட்டரியா, அதற்குச் சார்ஜ் கொடுக்கிற டைனமோவா, நடுவில் ஓடுகிற வயரா என்று பார்க்கத்தான் நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவர்களுக்கு உறைப்பதேயில்லை. அதனால் வண்டிக்காரர்கள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, அது காட்டுகிற எண்ணை மட்டும் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த எண் என்னைக் கைவிட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

அத்தானையும் அந்த எண்ணை வைத்துத்தான் வாயடைக்க வைத்தேன். அத்தான் என் அக்காவின் கணவர். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நான் கத்தினால் திருப்பிக் கத்த மாட்டார்; கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே கேட்பார். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏறும்.

அவரிடம் இருந்தது ஒரு பழைய சின்னக் கார். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கார். என்னைத் தவிர வேறு யாரும் அதில் கை வைக்க நான் விட்டதில்லை. என் கூடப்பிறந்தவள் போகிற வண்டியை இன்னொருத்தன் பார்ப்பதா?

இந்த வருஷ ஆரம்பத்தில் அத்தான் முதல் தடவையாக வந்து, காலையில் ஸ்டார்ட் ஆக இழுக்கிறது என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருகினேன், ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினேன். அது என் பழக்கம். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ஒரு உறுமல் போட்டுவிட்டுத்தான் மற்றது. இறங்கி மீட்டரை வைத்தேன். பதினான்கு புள்ளி இரண்டு வோல்ட். இன்ஜின் ஓடும்போது பதினான்குக்கு மேல் காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று அர்த்தம். வண்டியில் ஒன்றுமில்லை, நீங்கள்தான் கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்விளக்கை எரிய விட்டிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். இந்த முறை கையில் ஒரு குறிப்பேடு. எந்தத் தேதியில் ஸ்டார்ட் ஆக இழுத்தது, முந்தின நாள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏசி போட்டாரா, மழை பெய்ததா என்று அச்சுக் கோத்த மாதிரி எழுதி வைத்திருந்தார். வாங்கிப் பார்க்காமலே, எழுத்துப் பிழை பார்க்கிறவர் வண்டியில் பிழை பார்க்க வேண்டாம் என்று கிண்டல் செய்தேன். பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு நான் மறுபடி ஏறினேன், ஒரு உறுமல் போட்டேன், மறுபடி பதினான்கு புள்ளி இரண்டு. பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புது பேட்டரி வைத்துக் கொடுத்தேன். அவருடைய தொணதொணப்பு அதோடு நின்றது. நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து அந்த ஃபோன் வந்தது. அக்காவுக்குப் பொருந்துகிற சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, நாலரை மணிக்குள் வந்து சேருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது மணி இரண்டரை. ஆறு வருஷம் காத்துக் கிடந்த ஃபோன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கிலோமீட்டர்தான், ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படிகிற ஆவியைத் துடைக்க ஃபேன் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். ஆற்றுப் பாலத்துக்கு நடுவில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில், விளக்கெல்லாம் மங்கி இன்ஜின் நின்றுபோனது.

அந்த நேரத்தில் நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். அக்கா மகள்தான் கூப்பிட்டாள். காலேஜ் படிக்கிற பெண், அழுதுகொண்டே பேசினாள். வண்டியில் ஒன்றுமே எரியவில்லை மாமா என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்கப்பாவுக்கு விளக்கை அணைக்கத் தெரியாதா என்று கத்தினேன். அதைத்தான் சொன்னேன். அவள் மழையில் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, பேட்டரிக்குப் போடுகிற கேபிள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். அத்தான் ஒற்றை ஆளாகத் தள்ளியிருக்கிறார். ஆம்புலன்ஸால் பாலத்தில் ஏறவே முடியவில்லை. அக்காவால் இருபது அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. நெரிசல் விலகி, வேறொரு வண்டி பிடித்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. பட்டியலில் அடுத்து இருந்தவருக்கு ஏற்கெனவே ஆபரேஷன் தொடங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி பேசினேன். புது பேட்டரி போட்டுக் கொடுத்தேனே, அதையும் தீர்த்துக் கட்டிவிட்டீர்களே என்றேன். எத்தனை தடவை சொன்னேன், கதவைச் சாத்துங்கள் கதவைச் சாத்துங்கள் என்று. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர் மகளும் கேட்டாள். ஈரச் சட்டையோடு நின்ற மனிதர், கண்ணாடியைத் துடைக்கக்கூட ஒரு காய்ந்த நுனி இல்லாமல், நான்தான் எங்கேயோ கவனிக்காமல் விட்டிருப்பேன் என்றார். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை.

மூன்றாவது வாரம் பெரிய டாக்டர் கூப்பிட்டு, அக்காவின் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி ஒரு பெரிய ஆபரேஷனைத் தாங்காது என்றார். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். அதாவது அந்த ஒரு ஃபோன்தான். இனி ஃபோன் வராது. மெஷின் எவ்வளவு நாள் இழுக்கிறதோ அவ்வளவு நாள்.

மறுநாள் காலை அத்தான் பட்டறைக்கு வந்தார். பாலத்திலிருந்து இழுத்து வந்த காரைச் சுவர் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தேன்; அதுவரை அக்கா ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜ் போட்டு, வழக்கம்போல ஒரு உறுமல் போட்டுப் பார்த்ததில் அதே பதினான்கு புள்ளி இரண்டுதான் வந்தது. அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அந்த எண்ணே சாட்சி. அதைத்தான் அவரிடமும் சொன்னேன். அவர் போகவில்லை. மரப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாளும் வந்தார். அச்சகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற மனிதரை எத்தனை நாள்தான் பார்க்காத மாதிரி இருப்பது?

நான்காவது நாள் அவரே வாயைத் திறந்தார்.

"மாப்ள, என் தப்புன்னா என் தப்புதான், நான் இல்லங்கல. ஆனா என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியணும். நீ ஓட்டிப் பார்க்க வேணாம். நான் எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காந்து மீட்டரைப் பாரு."

அவரைப் பலகையிலிருந்து கிளப்பினால் போதும் என்றுதான் ஒத்துக்கொண்டேன். பேட்டரியிலிருந்து இரண்டு நீள வயர்களை இழுத்து, பானெட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் கொண்டுவந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். அது அக்கா உட்காருகிற இடம். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததேயில்லை. முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கதவுப் பக்கம் முழங்கைக்கு ஒன்று என்று சின்னச் சின்னத் தலையணைகள் தைத்து வைத்திருந்தார்கள்.

அத்தான் சாவியைத் திருகினார். காலை ஆக்சிலேட்டர் பக்கமே கொண்டுபோகவில்லை. இன்ஜின் அமைதியாக முனகுவதைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, தளும்பத் தளும்பத் தண்ணீர் தூக்கிப் போகிறவர் மாதிரி வண்டியை நகர்த்தினார். கியர் மாறுவதே தெரியவில்லை. சின்னப் பள்ளத்துக்குக்கூட இருபது அடி முன்பே வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் மடியைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி நான்கு.

ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். பன்னிரண்டு புள்ளி இரண்டு. ஃபேனையும் வைப்பரையும் போடச் சொன்னேன். பன்னிரண்டு புள்ளி ஒன்று. சிக்னலில் நின்றபோது பதினொன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. ஏற வேண்டியது ஏறவேயில்லை. பேட்டரி தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தது.

"கொஞ்சம் மிதிங்க அத்தான்."

"பழக்கமில்ல மாப்ள. குலுங்கினா அவளுக்கு எலும்பெல்லாம் வலிக்கும்."

"அக்கா இப்ப வண்டில இல்ல. மிதிங்க."

மனசில்லாமல் மிதித்தார். இன்ஜின் உறுமியது. மீட்டர் ஒரே தாவலில் பதினான்கு புள்ளி இரண்டுக்குப் போய் நின்றது. காலை எடுத்த பிறகும் இறங்கவில்லை. அவரும் எட்டி அந்த எண்ணைப் பார்த்தார். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். டாஷ்போர்டில் ஆயில் விளக்கு எரிந்தது, கைபிரேக் விளக்கு எரிந்தது. பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டிய இடம் இருட்டாக இருந்தது.

அந்த மாதிரிப் பழைய வண்டியில் டைனமோ தானாக வேலை தொடங்காது. அந்தச் சிவப்பு விளக்கின் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய் அதை எழுப்ப வேண்டும். எழுந்ததும் விளக்கு அணைந்துவிடும். விளக்கு எரியவில்லையென்றால் டைனமோ தூங்கிக்கொண்டே சுற்றும், ஒரு பொட்டு சார்ஜ் தராது. ஆனால் இன்ஜினை ஒரு தடவை நன்றாக உறும விட்டால் தானே விழித்துக்கொள்ளும். ஒருமுறை விழித்துவிட்டால் இன்ஜினை அணைக்கும்வரை ஒழுங்காக வேலை செய்யும். நான் ஏறும்போதெல்லாம் அதை உறுமி எழுப்பிவிட்டு, எழுந்து நிற்பதை மீட்டரில் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை என்றிருக்கிறேன். அத்தானின் குறிப்பேட்டை அன்றைக்குப் புரட்டியிருந்தால் போதும். ஊருக்கு வெளியே வேகமாகப் போய் வந்த நாளுக்கு மறுநாள் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மெதுவாகப் போய் வந்த நாளுக்கு மறுநாள் இழுத்திருக்கிறது. இதைப் படிக்க எலக்ட்ரீஷியன் எதற்கு?

பட்டறைக்குத் திரும்பி டாஷ்போர்டைக் கழற்றினேன். கழற்றும்போதே எனக்குத் தெரியும். அதைக் கடைசியாகக் கழற்றியவன் நான்தான். போன வருஷக் கடைசியில், மெஷினிலிருந்து சாயங்காலம் திரும்பும்போது கடிகாரமே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அக்கா சும்மா சொன்னாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? பழைய மஞ்சள் பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு நீல நிற எல்.இ.டி. விளக்குகளாகப் போட்டேன். கையோடு கையாக எச்சரிக்கை விளக்குகளையும் மாற்றினேன். அந்த விளக்குகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பிச் செருகினால் எரியாது, கரண்டையும் விடாது. நேராகச் செருகியிருந்தாலும் டைனமோவை எழுப்புகிற அளவுக்குக் கரண்ட் அதன் வழியே போகாது. எந்த வண்டியை முடித்தாலும் கடைசியாகச் சாவியைத் திருப்பி எச்சரிக்கை விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அன்றைக்கு மட்டும் ஹெட்லைட்டைப் போட்டு, டாஷ்போர்டு முழுக்க நீலமாக எரிவதைக் காட்டி, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லா இருக்குடா என்று அவள் சொன்னதும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன்.

திருப்பிச் செருகிய அந்தப் பொடி விளக்கு என் உள்ளங்கையில் இருந்தது. அத்தான் குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். டைனமோவுக்குள் ஏதோ தேய்ந்துவிட்டது, யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவரும் அதை நம்பி எழுதியிருப்பார், எனக்கும் ஆபத்தில்லை. ஆனால் அந்த ஏட்டில் அவர் எழுதின ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதில் ஒரு பொய்யை எழுத வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"நான்தான் அத்தான். இதை நான்தான் மாத்திச் செருகிட்டேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவர் முதலிலிருந்து விளக்கமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதினார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, எழுதியதையே இரண்டு தடவை படித்தார்.

"அப்போ அன்னைக்குப் பாலத்துக்கு முன்னாடி நான் ஒரு தடவை நல்லா மிதிச்சிருந்தா சார்ஜ் ஏறியிருக்குமா?"

"இல்ல அத்தான்."

"இப்ப ஏறிச்சே மாப்ள. ரெண்டு பேரும்தான பார்த்தோம்."

அவர் மேலே இருந்த பழியை இறக்கி வைக்கத்தான் உண்மையைச் சொன்னேன். அந்த உண்மைக்குள்ளே இது ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"கிளம்பும்போதே அவ சொன்னா," என்றார் அத்தான். "வலிச்சா பரவால்ல, இன்னைக்கு வேகமாவே போங்கன்னு சொன்னா. நான்தான் கேக்கல."

குறிப்பேட்டை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் இனியாவது பேசு, தப்பு என்னுடையது என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணி வரை மடித்து அடுக்கிவிட்டு, அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதீர்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் அவரோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை.

அக்கா தூங்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். பாவி என்றாவது திட்டியிருக்கலாம். என் தலைமுடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டு டேப்பைப் பிய்த்து எடுத்தாள்.

"அந்த நீல வெளிச்சம் எனக்குக் கண்ணு கூசும்டா. ஆசையா போட்டியேன்னுதான் ஒண்ணும் சொல்லல."

நான் விசும்பி விசும்பி அழுதேன். நாற்பத்தாறு வயசில், அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு என்னைத் தேற்றவும் தெம்பில்லை. சற்று நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டியைச் சரி செய்வதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எல்.இ.டி. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழைய மாதிரி பல்புகளைச் செருகினேன். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிந்தது, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது. ஆக்சிலேட்டரைத் தொடாமலே பதினான்கு புள்ளி இரண்டு. அத்தானை உட்கார வைத்து மூன்று தடவை காட்டினேன். இனி எவ்வளவு மெதுவாகப் போனாலும் சார்ஜ் ஏறும், நீங்கள் உங்கள் பழக்கப்படியே ஓட்டலாம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில், வழியனுப்புகிற சாக்கில் அவர்கள் வாசலில் போய் நின்றேன். மகள் தாழ்வாரத்தோடு நின்றுகொண்டாள். அத்தான் அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார், தலையணைகளைச் சரிசெய்து உட்கார வைத்தார், பெல்ட்டை மாட்டினார், அவள் புடவை நுனி கதவில் மாட்டாமல் எடுத்து உள்ளே விட்டார். சுற்றி வந்து ஏறினார். சாவியைத் திருகினார். பிறகு ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தார்.

இன்ஜின் அலறியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, வேண்டாம் அத்தான், எல்லாம் சரியாகிவிட்டது என்றேன். அவருக்குக் கேட்டது, எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வண்டி பாய்ந்து கிளம்பியது. தெரு முனையில் இருக்கிற வேகத்தடையில் அதே வேகத்தில் ஏறித் தூக்கிப் போட்டது. அக்கா வலியில் கத்தியது வாசல் வரைக்கும் கேட்டது. அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.